வீராவுல ஜிஎஸ்ஆர் டர்போ எஞ்சின், மூணாவது பிஸ்டன் ஒடைஞ்சி போச்சு: ரீபில்ட்டா, இன்னொரு ஹாஃப்கட்டா?

வீரா96:

அண்ணன்மாரே அக்காமாரே வணக்கம், சுங்கை சிப்புட்டுல இருந்து எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

காடி 96 புரோட்டான் வீரா 1.6 சிடான். நான் வாங்குறப்பவே பழைய எஞ்சின எறக்கிட்டு ஜிஎஸ்ஆர் ஹாஃப்கட்டுல (ஜப்பான்ல இருந்து பாதியா வெட்டி வர்ற பழைய காடி) இருந்து 4ஜி93 டர்போ எஞ்சின் ஏத்தி வச்சிருந்தாங்க. மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் நாலு வீலும் இழுக்குற காடி ஆச்சே, அந்த கியர்பாக்ஸ விட்டுட்டு புரோட்டான் சத்ரியா ஜிடிஐ கியர்பாக்ஸ் மாட்டி முன் வீல் மட்டும் இழுக்குற மாதிரி செட் பண்ணியிருக்காங்க. பழைய ஓனர் ஒரு பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) கண்ட்ரோலரும் போட்டு வச்சிருந்தாரு, அந்த குட்டி பித்தளை திருகு டைப்.

போன மாசம் ஈப்போவுல இருந்து தைப்பிங் போறேன், ஹைவேல ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறுற மேடு இருக்குல்ல, அங்க நாலாவது கியர்ல மிதிச்சி ஏறிக்கிட்டு இருக்கேன், பூஸ்ட் மீட்டர் 1.1 பார் காட்டுது, திடீர்னு பவர் இல்ல. கண்ணாடியில பாத்தா பின்னால ஒரே நீலப் பொகை, பின்னாடி வந்த லோரிக்காரரு ஹாரன் அடிச்சி லைட்டு அடிச்சி ஒரே ரகளை. ஓரங்கட்டி பானெட்ட தொறந்தா டிப்ஸ்டிக் தானா வெளிய தள்ளி வந்து எஞ்சின் பூரா ஆயிலு.

டோ பண்ணி வீட்டுக்கு கொண்டு வந்து கம்ப்ரெஷன் பாத்தேன். 145, 150, 60, 145 பிஎஸ்ஐ. மூணாவதுல கொஞ்சம் ஆயில் ஊத்தி திரும்ப அடிச்சா 85க்கு ஏறுது. சரி ரிங்குதான்னு எஞ்சின எறக்கிட்டேன், நான் செம்பனை மில்லுல ஃபிட்டரு, செயின் ப்ளாக் இருக்கு, லயத்து வீட்டு கொட்டாயில தொங்கவிட்டு கழட்டிட்டேன். மூணாவது பிஸ்டன்ல மேல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்குற அந்த வரப்பு ஒரு வெரல் நீளத்துக்கு ஒடைஞ்சி போயிருக்கு. போர்ல, அதான் சிலிண்டர் செவுத்துல, ரெண்டு கோடு, நகம் வச்சா மாட்டுது. மத்த மூணு பிஸ்டனும் பாக்க நல்லாத்தான் இருக்கு.

இங்க டவுன்ல ஒரு பொமென் (மெக்கானிக்) சொல்றாரு, ஒரே ஒரு செக்கன் ஹேண்ட் பிஸ்டன் வாங்கி போட்டு, ஹோனிங் அடிச்சி, ரிங் செட் மாத்திட்டா போதும்னு. இன்னொருத்தர் சொல்றாரு இதெல்லாம் வேஸ்ட், இன்னொரு ஹாஃப்கட் எஞ்சின் எடுத்து போடுன்னு. ஃபிரெண்டு ஒருத்தன் ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடிச்சி செஞ்சது) போடு அப்பறம் எவ்ளோ பூஸ்ட் வேணும்னாலும் ஏத்தலாம்ங்கறான். எங்கிட்ட ஒரு அஞ்சாயிரம் வெள்ளி இருக்கு, அதுக்கு மேல போனா வீட்டுல சோறு கெடைக்காது. தைப்பூசத்துக்கு பினாங்கு போறதுக்குள்ள ஓடணும். என்ன செய்யலாம்?

கிரீஸ்கை:

தம்பி, தைப்பூசத்துக்கு பஸ்ஸுல போ. அத மொதல்ல முடிவு பண்ணிடு, அப்பதான் மீதி வேலைய நிதானமா பாப்ப.

நீ கேட்ட மூணு கேள்வியும் என்னா வாங்குறதுங்கற கேள்வி. அந்த பிஸ்டன் ஏன் ஒடைஞ்சிச்சுன்னு ஒரு வார்த்த கேக்கல பாரு, அந்த பொமெனும் கேக்கல, உன் ஃபிரெண்டும் கேக்கல. காரணம் காடிக்குள்ளயே உக்காந்திருக்கு, நீ புது எஞ்சின் போட்டாலும் அதே மேட்டுல அதே எடத்துல நிப்ப.

டர்போ எஞ்சின்ல ரிங் லேண்ட், அதான் நீ சொன்ன அந்த வரப்பு, ஒடையறதுக்கு பெரும்பாலும் ரெண்டு காரணம்தான். ஒண்ணு நாக்கிங். பெட்ரோல் ஸ்பார்க் வச்ச எடத்துல இருந்து ஒழுங்கா எரிஞ்சிக்கிட்டு வராம, ஓரத்துல இருக்குற மிச்ச கேஸ் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தானா வெடிக்கிறது, ஒவ்வொரு வெடியும் பிஸ்டன் தலையில சுத்தியல் அடி. இன்னொண்ணு ரிங் கேப் பத்தாம போறது, சூடாகி ரிங்கு நீளுறப்ப ரெண்டு முனையும் முட்டிக்கிச்சுன்னா அதுக்கு போக எடமில்ல, போர அப்பிடியே புடிச்சிக்கும், பிஸ்டன் கீழ எறங்குறப்ப லேண்ட பேத்துடும். எது நடந்துச்சுன்னு நீயே பாக்கலாம், காசு செலவில்ல:

மூணாவது சிலிண்டரோட ரிங்க எடுத்து முனை ரெண்டையும் லைட்டுல பாரு. பளபளன்னு பாலிஷ் போட்ட மாதிரி இருந்தா முட்டியிருக்கு. மங்கலா கருப்பா இருந்தா முட்டல.

பிஸ்டன் தலையோட ஓரத்த பாரு, எலி கடிச்ச பிஸ்கட் மாதிரி பொடிப் பொடியா அரிச்சிருந்தா நாக்கிங். பிளக்க எடுத்து அந்த வெள்ள பீங்கான பூதக்கண்ணாடி வச்சி பாரு, மிளகுத்தூள் அளவுக்கு பளபளன்னு புள்ளி இருந்தா அது பிஸ்டன்ல இருந்து உருகி வந்த அலுமினியம். கான்ராட் பேரிங்ல மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியா வச்சி பாரு, மேல் பாதி மட்டும் அடி வாங்கியிருந்தா அதுவும் நாக்கிங் சாட்சிதான்.

அப்பறம் ஒரு கேள்வி, இத கண்டிப்பா பதில் சொல்லு. ஹாஃப்கட்னா முன் பாதி. எஞ்சின் வந்துச்சு, கியர்பாக்ஸ் வந்துச்சு, வயரிங் வந்துச்சு, ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) வந்துச்சு. பெட்ரோல் டேங்கு பின்னால இருக்கு, அது ஜப்பான்லயே நின்னுடுச்சு. அப்ப உன் டேங்குக்குள்ள இருக்குற பம்ப் எது? 1.6 வீராவோட பம்ப்பா?

டர்போதம்பி:

ப்ரோ என்னோட கருத்து, இன்னொரு ஹாஃப்கட் எஞ்சின் எடுத்துடுங்க. நான் குளுவாங், இங்க என் மச்சான் அப்பிடித்தான் பண்ணான், சனிக்கிழமை எறக்கி ஞாயித்துக்கிழமை ஏத்தி திங்கக்கிழமை வேலைக்கு அதுலயே போனான். ரீபில்ட்னு எறங்குனா போருக்கு ஒரு காசு, பிஸ்டனுக்கு ஒரு காசு, கேஸ்கெட்டு, பேரிங், பெல்ட்டு, வாட்டர் பம்ப், அப்பறம் தலைய தொறந்தா வால்வ் கைடு லூசும்பாங்க, முடியவே முடியாது. அஞ்சாயிரம்னு ஆரம்பிச்சி எட்டாயிரத்துல நிக்கும் லா.

கிரீஸ்கை:

@டர்போதம்பி உன் மச்சான் காடி ஓடுனதுல எனக்கு சந்தோஷம். ஆனா அந்த எஞ்சின் வந்த காடிங்க 92ல இருந்து 2000 வரைக்கும் செஞ்சது, எவ்ளோ புதுசா எடுத்தாலும் கால் நூற்றாண்டு தாண்டுனது, ஜப்பான்ல யார் எப்பிடி ஓட்டுனாங்கன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். நீ காசு குடுக்குறது ஒரு மூடுன டப்பாவுக்கு. அது கெட்டதுன்னு நான் சொல்லல, கடையில வச்சி கம்ப்ரெஷன் அடிச்சி காட்டுறேன்னு தவுக்கே (கடை மொதலாளி) சொன்னா, சம்ப்ப (அடியில இருக்குற ஆயில் தட்டு) கழட்டி பேரிங் பாக்க விட்டா, எடுக்கலாம். விடமாட்டேன்னா நடந்துடு. எப்பிடி இருந்தாலும் பம்ப் கேள்விக்கு பதில் வராம அவன் எதையும் வாங்கக் கூடாது.

மைக்ரோமீட்டர்:

தம்பி, நான் மெங்லெம்பு பக்கம் மெஷின் ஷாப்புல இருக்கேன், அப்பா காலத்துல இருந்து போர் அடிக்கிற எடம். கடை பேர் இங்க போடல, விளம்பரம்னு நெனைப்பாங்க.

அந்த "ஒரு பிஸ்டன் மட்டும் மாத்து, ஹோனிங் அடி" யோசனைய மறந்துடு. கோடு நகத்துல மாட்டுதுன்னா ஹோனிங்ல போகாது, ஹோனிங்கறது செவுத்துல ரிங் உக்கார்றதுக்கு குறுக்கும் நெடுக்கும் கோடு போடுற வேலை, பள்ளத்த நெரப்புற வேலை இல்ல. கோடு போற வரைக்கும் ஹோனிங் கல்ல ஓட்டுனா அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பெருசாகி பீப்பா வயிறா ஆயிடும். எழுபது வயசு எஞ்சினுங்க கூட நாங்க செய்றோம், அதுல எல்லாம் சரியா வர்றது ஒரே முறை: அளந்து பாத்து, நாலையும் ஒரே ஓவர்சைஸுக்கு (கொஞ்சம் பெரிய அளவுக்கு) கொண்டு போறது.

இதோட ஸ்டாண்டர்ட் போர் 81 மில்லி, ஸ்ட்ரோக் 89. ப்ளாக் இரும்பு, அதனால பயமில்ல, அடிக்கலாம். போர் கேஜ் வச்சி மேல, நடுவுல, கீழன்னு மூணு எடம், ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு திசையில அளப்போம். மேல் ரிங் திரும்புற எடத்துலதான் தேய்மானம் அதிகம், கீழ ரிங்கே போகாத எடம் இருக்கு, அது கிட்டத்தட்ட ஃபேக்டரி அளவுலயே இருக்கும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உன் எஞ்சினோட வயசு. பொதுவா 0.50 மில்லி ஓவர்சைஸ்ல கோடு போயிடும், ஆனா அளக்காம சொல்ல மாட்டேன்.

இங்க ஒரு முக்கியமான விஷயம், நெறைய பேரு தலைகீழா செய்றாங்க. ப்ளாக்க கொண்டு வந்து "அக்கா 0.50 அடிச்சி வைங்க, பிஸ்டன் அப்பறம் வாங்கிக்கறேன்"ம்பாங்க. நான் அடிக்க மாட்டேன். பெட்டி மேல 81.50ன்னு போட்டிருக்கலாம், உள்ள இருக்குற பிஸ்டன மைக்ரோமீட்டர்ல புடிச்சா ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் காட்டும். பிஸ்டன கைல வச்சிக்கிட்டு, அது ஸ்கர்ட்ட அது கம்பெனி சொன்ன உயரத்துல அளந்து, அதுக்கு எவ்ளோ கிளியரன்ஸோ அத கூட்டித்தான் ஒவ்வொரு போரையும் முடிக்கணும். ஒண்ணாம் நம்பர் பிஸ்டன் ஒண்ணாம் நம்பர் போருக்குன்னு மார்க் போட்டு குடுப்போம், மாத்தி போட்டுடாத.

ஃபோர்ஜ்டு பத்தி கேட்ட. ஸ்டாக் பூஸ்ட், தெனசரி மில்லுக்கு போய்ட்டு வர காடி, அப்பப்ப ஹைவே, இதுக்கு நல்ல கம்பெனி காஸ்ட் (வார்ப்பு) பிஸ்டனே தாஹான் பண்ணும், தாங்கிடும். ஃபோர்ஜ்டு சூட்டுல அதிகமா விரியும், அதனால கிளியரன்ஸ் அதிகம் வைக்கணும், காலையில ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் கட கடன்னு சத்தம் வரும், ஆயில் கொஞ்சம் குடிக்கும். நாக்கிங் வந்தா காஸ்ட் பிஸ்டன் டக்குனு ஒடையும், ஃபோர்ஜ்டு கொஞ்ச நாள் தாங்கிட்டு அப்பறம் ஹெட் கேஸ்கெட்டையோ பேரிங்கையோ கூட்டிட்டு போகும். உன் ஃபிரெண்டு சொல்ற "எவ்ளோ வேணும்னாலும் ஏத்தலாம்" எல்லாம் கதை. அஞ்சாயிரத்துல ஃபோர்ஜ்டு வாங்கிட்டு பேரிங்ல, ஆயில் பம்ப்ல மிச்சம் பிடிக்கிறவங்கள நான் பாக்காத மாசம் இல்ல.

ஹெட்டையும் கொண்டா. நேர்கோல் வச்சி ஃபீலர் கேஜ் விட்டுப் பாப்போம், 0.05க்கு மேல நுழைஞ்சா ஸ்கிம் பண்ணணும், அதான் அடிப்பக்கத்த லேசா சீவி சமமாக்கணும். ஆனா சும்மா "எதுக்கும் ஒரு கட்டிங் போட்டுடுங்க"ன்னு கேக்காத. ஸ்கிம் பண்ண பண்ண கம்ப்ரெஷன் ரேஷியோ ஏறும், இந்த எஞ்சின் டர்போவுக்காக 8.5ல வச்சது, அத ஏத்திட்டு நாக்கிங் வருதுன்னு அழக் கூடாது.

வீரா96:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. எல்லாத்தையும் பாத்துட்டேன், வரிசையா சொல்றேன்.

ரிங் முனை மங்கலா இருக்கு, பளபளப்பு இல்ல. மூணாவது பிஸ்டன் தலை ஓரம், எக்ஸாஸ்ட் பக்கம், அண்ணன் சொன்ன அதே மாதிரி அரிச்சிருக்கு, நாலாவதுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு, முன்ன நான் அத கரின்னு நெனச்சேன், தின்னர் போட்டு தொடச்சப்பதான் தெரிஞ்சுது. பிளக் பீங்கான்ல புள்ளி இருக்கு. மூணாவது கான்ராட் பேரிங் மேல் பாதி கொஞ்சம் செம்பு நெறம் தெரியுது, கீழ் பாதி சுத்தம்.

பம்ப்: பின் சீட்ட தூக்கி எடுத்துப் பாத்துட்டேன். 1.6 பம்ப்தான் அண்ணே. பழைய ஒரிஜினல். பேட்டரில 12.6 வோல்ட் இருக்கப்ப, பம்ப்புக்கு கரண்ட் குடுத்து ஓடவிட்டு டேங்க் பக்கத்து சாக்கெட்ல அளந்தா 10.8தான் வருது.

இன்ஜெக்டர் நாலையும் ஈப்போவுல கிளீனிங் மெஷின் வச்சிருக்குற கடையில குடுத்தேன், கழுவுறதுக்கு முன்னாடி ஓடவிட்டு பாக்கச் சொன்னேன். மத்த மூணும் ஏறத்தாழ ஒரே அளவு, மூணாவது சிலிண்டரோடது பத்துல ஒரு பங்கு கம்மி.

கிரீஸ்கை:

அப்ப கேஸ் முடிஞ்சிச்சு தம்பி.

ஏன் மேட்டுல மட்டும் நடந்துச்சுன்னும் கேட்டுக்க. இந்த காடிகள்ல பிரஷர் ரெகுலேட்டர் மேனிஃபோல்டோட சேந்திருக்கும், பூஸ்ட் எவ்ளோ ஏறுதோ அவ்ளோ பெட்ரோல் பிரஷரையும் ஏத்தும். சும்மா ஓடுறப்ப பம்ப் மூணு பார் தள்ளுனா போதும்னு வையி, நீ 1.1 பார் பூஸ்ட்ல ஏறுறப்ப அது நாலு பாருக்கு மேல தள்ளணும், அதே நேரத்துல எஞ்சின் கேக்குற பெட்ரோலும் அதிகம். எந்த பம்ப்பா இருந்தாலும் பிரஷர் ஏற ஏற தள்ளுற அளவு கொறையும். அதுவும் டர்போ இல்லாத 1.6க்கு செஞ்ச பம்ப், வயசான வயரு, 10.8 வோல்ட். நாலு சிலிண்டருக்கும் பத்தல, இன்ஜெக்டர் அடைச்சிருந்த மூணாவதுக்கு சுத்தமா பத்தல, அது மொதல்ல போச்சு. நாலாவது அடுத்த தடவைக்கு காத்துக்கிட்டு இருந்துச்சு. டவுன்ல மெதுவா ஓட்டுறப்ப இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, சொகுசா ஓடும், அதுதான் இதோட வில்லங்கம்.

அதனால செலவு வரிசை இப்பிடி வையி. மொதல்ல டேங்குக்குள்ள மணிக்கு 255 லிட்டர் தள்ளுற பம்ப், ஒரிஜினல்தானான்னு பாத்து வாங்கு, டூப்ளிகேட் மலிஞ்சி கெடக்கு. பேட்டரில இருந்து நேரா தடி வயர், நடுவுல ஃப்யூஸு, ரிலே, பழைய பம்ப் வயர் அந்த ரிலேவ தட்டி விடுற வேலை மட்டும் செய்யட்டும். பெட்ரோல் ஃபில்டர் புதுசு. அந்த பித்தளை திருக கழட்டி தூரப் போட்டுட்டு வேஸ்ட்கேட்டுக்கு (பூஸ்ட்ட கட்டுப்படுத்துற வால்வ்) நேரா ஹோஸ் குடு, ஸ்டாக் பூஸ்ட். ஒரு வைட்பேண்ட் மீட்டர் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தன பங்கு காத்துன்னு காட்டுறது) போடு, டாஷ்போர்டு அழகுக்கு மூணு மீட்டர் வைக்கிற காசுல இது ஒண்ணு போதும். முழுசா மிதிக்கிறப்ப 11.5, 12ன்னு நிக்கணும், அதுக்கு மேல 13, 14ன்னு ஏறிச்சுன்னா கால எடு, யோசிக்காத.

உன் காடில ப்ளோ ஆஃப் வால்வ் (கால எடுக்குறப்ப மிச்ச பூஸ்ட்ட விடுறது) வெளிய ஊதுற டைப்பா? இந்த ஈசியூ காத்த ஏர்ஃப்ளோ மீட்டர்ல அளக்குற ஜாதி, அளந்த காத்த நீ வெளிய விட்டுட்டா அதுக்கு தெரியாது, உள்ள இருக்குன்னு நெனச்சி பெட்ரோல் ஊத்தும், கியர் மாத்துறப்ப கரும்பொகை வந்து சில நேரம் எஞ்சின் செத்துடும். திருப்பி இன்டேக்குக்குள்ள விடுற டைப் போடு. புஸ்ஸு சத்தம் கொறையும், பக்கத்து வீட்டு பெருசுங்க வாழ்த்துவாங்க.

செம்பனைலோரி:

கேக்குறேன்னு கோச்சிக்காதீங்க, ரான்95 பெட்ரோல் போட்டு ஓட்டுனதால நாக்கிங் வந்திருக்காதா? எல்லாரும் டர்போன்னா ரான்97ங்கறாங்களே.

கிரீஸ்கை:

97 போடணும், அதுல சந்தேகம் இல்ல. ஜப்பான்காரன் இந்த எஞ்சினுக்கு ஹை ஆக்டேன் பெட்ரோல் கணக்குல டைமிங் வச்சான். ஆனா பெட்ரோலே பத்தாத சிலிண்டருக்கு 97 ஊத்துனாலும் சாவு கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்ளோதான். சப்சிடி 95 ஊத்தி மிச்சம் பிடிக்கணும்னா 1.3 சாகா ஓட்டலாம்.

வீரா96:

ஓகே அண்ணே, ரீபில்ட்தான், முடிவு பண்ணிட்டேன். காஸ்ட் பிஸ்டன் 0.50க்கு ஆர்டர் போடப் போறேன். டர்போவ என்ன செய்றது? ஷாஃப்ட்ட புடிச்சி ஆட்டுனா பக்கவாட்டுல லேசா ஆடுது. மாத்தணுமா? அப்பறம் எஞ்சின் சேக்குறப்ப எத மொதல்ல கவனிக்கணும்?

மைக்ரோமீட்டர்:

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ப்ளாக்க அளந்துடுவோம், 0.50ல கோடு போகலன்னா பிஸ்டன் வீணாப் போகும். அளக்குறதுக்கு பெரிய காசு இல்ல.

சேக்குறதுக்கு முன்னாடி கழுவுறத பத்தி சொல்றேன், ஏன்னா ரீபில்ட் பண்ண எஞ்சின் சீக்கிரம் செத்துச்சுன்னா பெரும்பாலும் அழுக்குதான். போர் அடிச்ச ப்ளாக்ல கல்லுப் பொடி ஒட்டியிருக்கும், கண்ணுக்கு தெரியாது. பெட்ரோல், டீசல் ஊத்தி கழுவுனா பொடி போகாது, இன்னும் உள்ள போய் உக்காரும். சுடுதண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு, பிரஷ். கழுவிட்டு வெள்ளத் துணில கொஞ்சம் ஆயில் தொட்டு போர் செவுத்த தொடச்சிப் பாரு, துணி சாம்பல் நெறமா வந்தா திரும்ப கழுவு, வெள்ளையா வர்ற வரைக்கும். காஞ்ச ஒடனே ஆயில் பூசிடு, நம்ம ஊரு ஈரக்காத்துல சாயங்காலத்துக்குள்ள துரு புடிச்சிடும். ஆயில் ஓட்டைங்களோட அடைப்பு மூடிகள நாங்க கழட்டி வைக்கிறோம், நீளமான பிரஷ் விட்டு ஒவ்வொரு ஓட்டையும் தேய். கிராங்குக்குள்ள போற ஓட்டையும்.

அந்த ஒடைஞ்ச லேண்ட் துண்டு எங்க? சம்ப்புல எல்லாத்தையும் பொறுக்கி பிஸ்டன்ல வச்சிப் பாரு, முழுசா பொருந்தலன்னா மிச்சம் எங்கயோ ஓடிக்கிட்டு இருக்கு. ஆயில் பம்ப் மூடிய தொறந்து உள்ள கோடு கோடா கிழிச்சிருந்தா பம்ப் மாத்து. ஆயில் கூலர் இருந்தா அத கழுவி நம்பாத, புதுசு போடு, அதோட சந்துல போன பொடி வெளிய வரவே வராது.

ரிங் கேப்: பெட்டியில இருந்து எடுத்து அப்பிடியே போடக் கூடாது. ஒவ்வொரு ரிங்கையும் அதோட போர்ல விட்டு, பிஸ்டன தலைகீழா வச்சி ஒரு அங்குலம் கீழ நேரா தள்ளி, ஃபீலர் கேஜ்ல அள. பிஸ்டன்காரங்க குடுக்குற பேப்பர்ல இருக்குற அளவுதான் சட்டம். பேப்பர் இல்லன்னா, டர்போவுக்கு மேல் ரிங் போர் விட்டத்துல ஆயிரத்துக்கு அஞ்சு பங்கு, உனக்கு 0.40ல இருந்து 0.45. ரெண்டாவது ரிங் அதே அளவு, இல்ல கொஞ்சம் கூட. கம்மியா இருந்தா அரம் வச்சி ஒரே பக்கமா, வெளிய இருந்து உள்ள தேய், அளந்து அளந்து. கூடப் போனா கொஞ்சம் ஆயில் குடிக்கும், கம்மியா போனா என்ன ஆகும்னு அண்ணன் சொல்லிட்டாரு.

பேரிங் கிளியரன்ஸ் பிளாஸ்டிகேஜ் (நசுங்குன அகலத்த வச்சி இடைவெளி அளக்குற பிளாஸ்டிக் இழை) வச்சி பாரு, நீ ஃபிட்டரு, உனக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. ஷாஃப்ட் விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, 50 மில்லி ஷாஃப்ட்னா 0.05 சுத்து வட்டாரம். பிளாஸ்டிகேஜ் வச்சிட்டு கிராங்க சுத்திடாத. ஹெட் போல்ட் புதுசு போடு, நடுவுல இருந்து வெளிய, மூணு நாலு தடவையா டைட் பண்ணு.

கிரீஸ்கை:

டர்போ: பக்கவாட்டுல லேசா ஆடும், அது ஆயில் படலத்துல மெதக்குற பேரிங், ஆயில் இல்லாம ஆட்டுனா ஆடத்தான் செய்யும். ஆனா வீல் ஹவுசிங்க ஒரசக் கூடாது. முன்னயும் பின்னயும் இழுத்து தள்ளிப் பாரு, அந்த திசையில கைக்கு தெரியுற அளவுக்கு ஆட்டம் இருந்துச்சுன்னா த்ரஸ்ட் போச்சு, ரீகண்டிஷனுக்கு குடு. டர்பைன் பக்கத்து வீல் இறக்கைய ஒண்ணொண்ணா பாரு, பிஸ்டன் துண்டு எக்ஸாஸ்ட் வழியா போயிருந்தா அங்கதான் மோதியிருக்கும். ஒரு இறக்கை முனை மடங்கியிருந்தாலும் பேலன்ஸ் போச்சு.

ஆயில் பைப் ரெண்டையும் மாத்து. உள்ள போறது மெல்லிசு, கரி புடிச்சி பாதி அடைச்சிருக்கும். கீழ எறங்குற பைப் எங்கயும் மேல வளையாம நேரா சம்ப்புக்கு சரியணும், அங்க கேஸ்கெட்டுக்கு சிலிகான் தடவாத, பிதுங்கி உள்ள போய் அடைச்சி டர்போ சீல்ல ஆயில் தள்ளும், அப்பறம் டர்போ போச்சுன்னு திரும்ப வருவ. இன்டர்கூலர கழட்டி ரெண்டு வாயும் தின்னர் ஊத்தி குலுக்கி கவுத்து வையி, உள்ள எவ்ளோ ஆயில் இருக்குன்னு பாத்தா மெரண்டுடுவ. பிசிவி வால்வ் (கிராங்க் பக்கத்து கேஸ இன்டேக்குக்கு விடுறது) புதுசு, பத்து இருபது வெள்ளி சாமான், ஊதிப் பாத்தா ஒரு பக்கம்தான் போகணும்.

டைமிங் பெல்ட் டென்ஷனரோட சேத்து மாத்து, பெல்ட் அறுந்தா இந்த எஞ்சின்ல வால்வும் பிஸ்டனும் முட்டும்.

மொதல் ஸ்டார்ட்: டர்போவுக்குள்ள ஆயில் ஊத்தி கையால சுத்தி விடு. பிளக் நாலையும் கழட்டு, இன்ஜெக்டர் சாக்கெட்ட புடுங்கு, ஸ்டார்ட்டர மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டு, ஆயில் லைட் அணையுற வரைக்கும். அப்பறம் பிளக் போட்டு ஸ்டார்ட் பண்ணு. டிக்கு டிக்குன்னு மேல சத்தம் வந்தா பயப்படாத, ஹைட்ராலிக் லிஃப்டருக்குள்ள காத்து, சூடாகி கொஞ்ச நேரத்துல அடங்கணும். ஸ்டார்ட் பண்ணிட்டு அப்பிடியே ஐடிலிங்ல விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாத, ரிங் உக்கார்றதுக்கு லோடு வேணும். லீக் இல்லன்னு பாத்துட்டு ரோட்டுக்கு எடு. சாதா மினரல் ஆயில், பூஸ்ட் வராத அளவுக்கு மிதி, மூணாவது கியர்ல கொஞ்சம் ஏத்து, கால எடுத்து எஞ்சினே பிரேக் அடிக்க விடு, திரும்ப ஏத்து. சுங்கை சிப்புட் லிந்தாங் ரோடு இதுக்கு தோதான ரோடு, காலையில லோரி வர்றதுக்கு முன்னாடி போ. திரும்பி வந்ததும் ஆயிலயும் ஃபில்டரயும் மாத்து, பழைய ஃபில்டர அறுத்து மடிப்ப விரிச்சி பாரு. மொதல் தடவ கொஞ்சம் பொடி இருக்கும். ரெண்டாவது தடவயும் இருந்தா ஓட்டாத. ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் மெனோரா பக்கமே போகாத.

செம்பனைலோரி:

இடையில ஒரு விஷயம், கெராண்ல (காடி பதிவுச் சான்று) எஞ்சின் நம்பர் மாத்தியிருக்காங்களா? நம்ம ஆளுங்க பாதி பேரு இத பாக்குறதில்ல. காடி வாங்கி விக்கிறப்ப புஸ்பாகோம் காடி சோதனையில எஞ்சின் நம்பர் ஒத்துப் போகலன்னா நிக்காது, ஆக்சிடெண்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல அததான் தேடுவான்.

வீரா96:

இப்பதான் எடுத்துப் பாத்தேன் அண்ணே. கெராண்ல இன்னும் பழைய 1.6 எஞ்சின் நம்பர், 1597 சிசின்னுதான் இருக்கு 😬 பழைய ஓனருக்கு போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரு.

செம்பனைலோரி:

எஞ்சின் கீழ இருக்கப்பவே நம்பர தொடச்சி போட்டோ எடுத்து வச்சிக்க. ஹாஃப்கட் கடை பில்லு, கஸ்டம்ஸ் பேப்பர் எதாவது காடியோட வந்துச்சான்னு டாஷ்போர்டு டிராயர் வரைக்கும் தேடு, கெடைக்கலன்னா மொதல்ல ஜேபிஜே (சாலை போக்குவரத்து இலாகா) கவுண்டர்ல போய் என்ன பேப்பர் வேணும்னு கேட்டுட்டு அப்பறம் எஞ்சின ஏத்து. ரோடு டேக்ஸும் மாறும். 1600க்குள்ள 90 வெள்ளி. இது 1834 சிசி, 1800 தாண்டிடுச்சு, 280ம் மேல உள்ள ஒவ்வொரு சிசிக்கும் அம்பது காசும், ஆக 297 வெள்ளி.

மைக்ரோமீட்டர்:

அந்த எஞ்சின் நம்பர் அடிச்சிருக்குற எடத்துல மணல் பேப்பர் போட்டு தேய்க்காத தம்பி, தின்னரும் துணியும் போதும், தேய்ச்ச அடையாளம் இருந்தா அது வேற பிரச்சன. ப்ளாக்கு, ஹெட்டு, கிராங்கு, மெயின் கேப் போல்ட்டோட சேத்து கொண்டா, போல்ட்ட மறந்துட்டு வந்து திரும்ப சுங்கை சிப்புட்டுக்கு ஓடுறவங்க நெறைய பேரு. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் கடை.

வீரா96:

சரிக்கா, சனிக்கிழமை காலையிலயே மில்லு லோரில போட்டு கொண்டாறேன். பம்ப் இன்னிக்கே ஆர்டர் போட்டுட்டேன். கிரீஸ்கை அண்ணே, பழைய பம்ப் ரிலேவ அப்பிடியே வச்சிக்கிட்டு வயர மட்டும் தடியா மாத்துனா ஆகாதா?

கிரீஸ்கை:

ஆகாது. ரிலே காண்டாக்டும் அதே வயசுதான். புது ரிலே, பம்ப்புக்கு எர்த்தும் புதுசா பாடியில பெயின்ட சொரண்டிட்டு புடி. முடிஞ்சதும் திரும்ப அதே எடத்துல வோல்ட் அளந்து இங்க போடு.